மட்டையை வரிசையில் வையுங்கள், ஆளைத் தேட வேண்டாம்

கேள்வி: எனக்கு வயது 61. மகன் வீட்டுக்கு அமெரிக்கா வந்திருக்கிறேன். பக்கத்துப் பூங்காவில் காலை ஒன்பது மணிக்கே பிக்கிள்பால் ஆடக் கூட்டம் கூடிவிடுகிறது. வலைக்கு இரண்டு பக்கமும் நின்று, சின்ன மட்டையால் பிளாஸ்டிக் பந்தை அடிக்கிறார்கள். அடுத்த டென்னிஸ் கோர்ட் காலியாகக் கிடக்கிறது. இதில் அப்படி என்னதான் இருக்கிறது? நாலு நாள் கூத்தா? முன்பின் தெரியாத நான் போய் நின்றால் சேர்த்துக்கொள்வார்களா? சென்னைக்குத் திரும்பிய பிறகும் இதை ஆட முடியுமா?

சேர்த்துக்கொள்வார்கள் சார். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் மற்ற கேள்விகளுக்கான பதிலில் பாதி அதற்குள்ளேயே இருக்கிறது.

நான் வாஷிங்டன் மாநிலத்தில், சியாட்டில் பக்கம் ஒரு புறநகரில் இருக்கிறேன். ஏழெட்டு வருடமாக ஆடுகிறேன். நன்றாக ஆடுவேன் என்று சொல்ல மாட்டேன், விடாமல் ஆடுகிறேன். முதல் நாள் நான் போனது நடைப்பயிற்சிக்குத்தான். வேலிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே இருந்து ஓர் அம்மா, எழுபது வயதுக்குக் குறையாது, கூடுதலாக வைத்திருந்த ஒரு மட்டையை என் பக்கம் நீட்டினார். பத்து நிமிடத்தில் ஆடிக்கொண்டிருந்தேன். அரை மணி நேரத்தில் அந்த அம்மாவின் ஜோடியிடம் 11-2 என்று தோற்றும் இருந்தேன். பக்கத்து வீட்டுக்காரரின் பெயரே பல வருடம் சரியாகத் தெரியாமல் காலம் தள்ளியவன் நான். அன்று வீடு திரும்பும்போது ஒன்பது பேரின் பெயர் தெரிந்திருந்தது.

நாளைக்குப் போனால் ஒன்றைக் கவனியுங்கள். வேலியில் மட்டைகளைச் செருகி வைக்க ஒரு தாங்கி மாட்டியிருப்பார்கள். சில இடங்களில் வெறும் மரச் சட்டம், சில இடங்களில் வேலிக் கம்பியிலேயே செருகிவிடுவார்கள். வருகிறவர் தன் மட்டையை வரிசையின் கடைசியில் வைக்கிறார். ஒரு கோர்ட் காலியானதும் முன்னால் இருக்கும் நாலு மட்டைகளுக்குச் சொந்தக்காரர்கள் உள்ளே போகிறார்கள். அந்த நாலு பேரில் ஒருவர் ஓய்வுபெற்ற டீச்சராக இருப்பார், ஒருவர் கல்லூரிப் பையன், ஒருவர் லாரி ஓட்டுகிறவர், இன்னொருவர் நீங்கள். ஆட்டம் முடிந்ததும் நால்வரும் வெளியே வந்து மறுபடி மட்டையைக் கடைசியில் வைக்கிறார்கள். இதற்கு ‘ஓபன் பிளே’ என்று பெயர். முன்பதிவு கிடையாது. பெரும்பாலான பொதுப் பூங்காக்களில் காசும் கிடையாது.

டென்னிஸ் ஆட வேண்டுமானால் முதலில் ஒருவருக்கு போன் போட வேண்டும். அவர் உங்கள் தரத்துக்குக் கிட்டத்தட்ட சமமாக ஆடுகிறவராக இருக்க வேண்டும், அவருக்கும் அதே நேரம் ஒழிய வேண்டும், கோர்ட்டும் கிடைக்க வேண்டும். புது ஊருக்கு வந்தவனுக்கு இதில் முதல் படியே ஏற முடியாது, போன் போட ஆள் இருந்தால்தானே? எல்லோரும் பிக்கிள்பால் சுலபம், அதனால் பரவியது என்பார்கள். சுலபம் என்பது உண்மைதான். ஆனால் கேரம்கூடச் சுலபம்தான், அதற்காக ஊரே கூடி ஆடுவதில்லை. என்னைக் கேட்டால் அந்த மட்டை வரிசைதான் விஷயம். நம் தெருவில் கிரிக்கெட் ஆடும்போது புதிதாகக் குடிவந்த வீட்டுப் பையன் ஓரமாக வந்து நின்றால் ‘வர்றியாடா’ என்று கூப்பிடுவோமே, அந்தக் குரலுக்குப் பதிலாக இங்கே ஒரு சட்டத்தை மாட்டி வைத்திருக்கிறார்கள்.

அந்த வரிசை நகர வேண்டுமானால் ஆட்டம் சீக்கிரம் முடிய வேண்டும், இடமும் குறைவாகப் பிடிக்க வேண்டும். இரண்டும் இந்த விளையாட்டில் அமைந்துவிட்டன. கோர்ட்டின் அளவு 20 அடிக்கு 44 அடி. நம் இறகுப்பந்து இரட்டையர் கோர்ட் அளவேதான். சுற்றிலும் ஓட இடம் விட்டு ஒரு டென்னிஸ் கோர்ட்டுக்கு ஒதுக்கும் நிலம் 60 அடிக்கு 120 அடி என்றால், அதே நிலத்தில் நாலு பிக்கிள்பால் கோர்ட் போடலாம். அங்கே இரண்டு பேரோ நாலு பேரோ ஆடுவார்கள், இங்கே பதினாறு பேர். ஆட்டம் 11 புள்ளிக்கு, இரண்டு புள்ளி வித்தியாசத்தில் ஜெயிக்க வேண்டும். பதினைந்து இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். நகராட்சிப் பூங்காத் துறைக்கு இந்தக் கணக்கு மிகவும் பிடித்துப்போனதில் வியப்பில்லை. ஒரு டப்பா பெயின்ட், நாலு மடக்கு வலை, வேலை முடிந்தது.

விதிகளும் அப்படித்தான். சர்வ், அதாவது ஆட்டத்தைத் தொடங்கி வைக்கும் அடி, கீழிருந்து மேலாக, இடுப்புக்குக் கீழே பந்தைத் தொட்டு அடிக்க வேண்டும். டென்னிஸில் புதிதாக வருகிறவனை விரட்டியடிப்பதே சர்வ்தான், அந்தத் தொல்லை இங்கே இல்லை. சர்வ் அடித்த பந்து எதிர்ப்பக்கம் ஒருமுறை குத்தித்தான் திரும்ப வேண்டும், திரும்பி வரும் பந்தும் ஒருமுறை குத்த வேண்டும். அதற்குப் பிறகுதான் குத்தாமலே அந்தரத்தில் அடிக்கலாம். அதுவும் எங்கே வேண்டுமானாலும் முடியாது. வலையை ஒட்டி இரண்டு பக்கமும் ஏழடி அகலத்துக்கு ஒரு பட்டை உண்டு. அதற்குள் கால் வைத்துக்கொண்டு குத்தாத பந்தை அடிக்கக் கூடாது. அந்தரத்தில் அடிப்பதை ஆங்கிலத்தில் ‘வாலி’ என்கிறார்கள். அப்படியானால் அந்தப் பட்டைதான் வாலி நுழைய முடியாத ருசியமுக மலை என்று வைத்துக்கொள்ளுங்கள், விதி மறக்காது. ஆடுகிறவர்கள் அதை ‘கிச்சன்’ என்பார்கள். ‘கிச்சன்ல இருக்கீங்க!’ என்று யாராவது கத்தினால் திடுக்கிட வேண்டாம்.

இந்த ஏழடியில்தான் ஆட்டத்தின் நியாயமே இருக்கிறது. அது இல்லையென்றால் உயரமான, பலசாலியான ஆள் வலையோரம் நின்று ஒவ்வொரு பந்தையும் அடித்து நொறுக்கிவிடுவான். போதாததற்கு, பந்து ஓட்டைகள் போட்ட பிளாஸ்டிக், எடை ஏறக்குறைய 25 கிராம். டென்னிஸ் பந்தின் பாதிகூட இல்லை. எவ்வளவு வேகமாக அடித்தாலும் காற்று பிடித்து இழுத்துவிடும். எனவே அடுத்த தரத்துக்குப் போகிறவர்கள் பலத்தை விட்டுவிட்டு, பந்தை எதிராளியின் கிச்சனுக்குள் மெதுவாகத் தூக்கிப் போடப் பழகுகிறார்கள். அதற்கு ‘டிங்க்’ என்று பெயர். இருபத்தைந்து வயதுப் பையனின் பொறுமையை அறுபத்தைந்து வயதுக்காரர் இப்படி டிங்க் போட்டுப் போட்டே சோதித்து, அவன் ஆத்திரத்தில் வெளியே அடிக்கும்போது புன்னகைப்பார். பார்க்க வேண்டிய காட்சி அது. நீங்கள் சின்ன வயதில் பூப்பந்தோ இறகுப்பந்தோ ஆடியிருந்தால் கை தானாகவே இதைப் பிடித்துக்கொள்ளும்.

புள்ளி எண்ணுவது மட்டும் முதல் வாரம் தலையைச் சுற்றும். சர்வ் அடிக்கிற அணிக்குத்தான் புள்ளி. ஒவ்வொரு சர்வுக்கும் முன்னால் மூன்று எண்களைச் சத்தமாகச் சொல்ல வேண்டும்: நம் புள்ளி, எதிரணியின் புள்ளி, நம் அணியில் நாம் முதலில் சர்வ் அடிக்கும் ஆளா இரண்டாவதாக அடிக்கும் ஆளா என்பது. ஆட்டம் தொடங்கும்போதே ‘0-0-2’ என்பார்கள். முதலில் தொடங்கும் அணிக்கு அந்த முதல் முறை மட்டும் ஒரே ஒரு ஆளின் சர்வ்தான் தருவார்கள், அதனால் அவரையே இரண்டாம் ஆளாகக் கணக்கு வைக்கிறார்கள். இதைப் புரியவைக்க யாராவது பக்கத்தில் நிற்பார்கள், கவலைப்படாதீர்கள்.

பிறந்த கதையும் இதற்குப் பொருத்தமாகவே இருக்கிறது. 1965 கோடை. சியாட்டிலிலிருந்து படகில் 35 நிமிடத் தூரத்தில் பெயின்பிரிட்ஜ் தீவு. அங்கே ஜோயல் பிரிட்சார்ட் என்பவரின் கோடை வீடு. அப்போது வாஷிங்டன் மாநிலச் சட்டமன்றத்தில் இருந்தவர், பின்னாளில் அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர், மாநிலத்தின் துணை ஆளுநர் எல்லாம் ஆனார். ஒரு சனிக்கிழமை அவரும் நண்பர் பில் பெல்லும் கோல்ஃப் ஆடிவிட்டு வீட்டுக்கு வந்தால், பிள்ளைகள் பொழுது போகாமல் நச்சரித்துக்கொண்டிருக்கிறார்கள். வீட்டில் ஒரு பழைய இறகுப்பந்து கோர்ட் இருந்தது, சாமான்கள் முழுசாக இல்லை. கைக்குக் கிடைத்த டேபிள் டென்னிஸ் மட்டையையும் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்தையும் வைத்து ஆடிப் பார்த்தார்கள். பந்து தரையில் நன்றாகவே குத்தி எழும்பியது. அதற்கேற்ப வலையை இடுப்பளவுக்கு, 36 அங்குலத்துக்கு, இறக்கினார்கள். அடுத்த வாரம் வந்து சேர்ந்த பார்னி மெக்காலம் என்ற நண்பர், மெல்லிய மட்டைகள் தாங்காது என்று பலகையை அறுத்துத் தானே மட்டை செய்தார். குழந்தையிலிருந்து தாத்தா பாட்டி வரை எல்லோரும் சேர்ந்து ஆட வேண்டும் என்பதுதான் அன்றைக்கு அவர்கள் வைத்த நிபந்தனை. கிச்சன், கீழ் சர்வ் எல்லாம் அதிலிருந்து வந்தவை.

பெயருக்கு ஒரு சண்டை இருக்கிறது. ஊறுகாய்க்கும் இதற்கும் சம்பந்தமில்லை. படகுப் போட்டிகளில் மற்றப் படகுகளில் இடம் கிடைக்காதவர்களைக் கூட்டி ஒரு படகு விடுவார்களாம், அதற்குப் ‘பிக்கிள் போட்’ என்று பெயர். பல விளையாட்டுகளின் மிச்சசொச்சத்தைச் சேர்த்துச் செய்த ஆட்டம் என்பதால் பிரிட்சார்டின் மனைவி ஜோன் இந்தப் பெயரை வைத்தார் என்பது அவர்கள் வீட்டுக் கதை. இல்லை, அவர்கள் வீட்டு நாய் பிக்கிள்ஸின் பெயர் என்பது மெக்காலம் கடைசிவரை சொன்னது. அமெரிக்கப் பிக்கிள்பால் சங்கம் பழைய படங்களையும் பேட்டிகளையும் துருவிப் பார்த்து, நாய் பிறந்ததே 1968இல்தான், ஆட்டத்தின் பெயரைத்தான் நாய்க்கு வைத்திருக்கிறார்கள் என்று தீர்ப்புச் சொன்னது. கோர்ட்டில் இதைக் கிளப்பாதீர்கள், இரண்டு கட்சிக்கும் ஆள் இருக்கிறது. நேரம் கிடைத்தால் மகனை அந்தத் தீவுக்கு அழைத்துப்போகச் சொல்லுங்கள். பேட்டில் பாயிண்ட் பூங்காவில் நிறுவியவர்களின் நினைவாக அமைத்த கோர்ட்டுகள் இருக்கின்றன. படகுப் பயணமே காசுக்குத் தகும்.

நாலு நாள் கூத்தா என்றால், அறுபது வருடக் கூத்து. பாதி நாள் யாருக்கும் தெரியாமல் இருந்தது, அவ்வளவுதான். எங்கள் ஊர்ப்பக்கம் ஐம்பது வயதைத் தாண்டியவர்களைக் கேட்டால் ‘பள்ளிக்கூடத்து ஜிம்மில் ஆடினோமே’ என்பார்கள். மழைக்காலத்தில் பிள்ளைகளை உள்ளேயே ஓடவிட உடற்பயிற்சி ஆசிரியர்களுக்கு இது வசதியாக இருந்திருக்கிறது. 1984இல் சங்கமும் விதிப் புத்தகமும் வந்தன. அதே காலத்தில் போயிங் பொறியாளர் ஒருவர் விமானத் தரைக்குப் பயன்படுத்தும் தேன்கூட்டுப் பலகையில் லேசான மட்டை செய்தார். இன்றைய மட்டைகளின் தாத்தா அதுதான்.

பரப்பியவர்கள் யார் என்று கேட்டால், உங்கள் வயதுக்காரர்கள் என்பேன். வடக்கே குளிர் தாங்காமல் நவம்பரில் அரிசோனாவுக்கும் ஃபுளோரிடாவுக்கும் கிளம்பிவிடும் ஓய்வுபெற்றவர்கள் அங்கேயுள்ள முதியோர் குடியிருப்புகளில் இதைக் கற்றுக்கொண்டார்கள். வசந்தத்தில் ஊர் திரும்பியதும் ‘நம் பூங்காவில் ஏன் இல்லை’ என்று நகராட்சிக் கூட்டத்தில் எழுந்து கேட்டார்கள். அவர்களுக்கு நேரமும் உண்டு, வாயும் உண்டு. ஃபுளோரிடாவின் ‘தி வில்லேஜஸ்’ என்ற ஒரே ஒரு ஓய்வூதியர் நகரத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட கோர்ட்டுகள் இருக்கின்றன. பிறகு கொரோனா வந்தது. ஜிம் மூடியிருந்தது, வெளியே காற்றோட்டமாக, நாலு பேர் தள்ளித் தள்ளி நின்று ஆடக்கூடியதாக இது இருந்தது. வீட்டு வாசல் தார்த்தரையில் சாக்பீஸால் கோடு போட்டு ஆடினார்கள். இளைஞர்கள் உள்ளே வந்தது அப்போதுதான்.

விளையாட்டுப் பொருள் நிறுவனங்களின் சங்கம் எடுக்கும் கணக்குப்படி அமெரிக்காவில் ஆடுகிறவர்கள் 2021இல் 48 லட்சம், 2022இல் 89 லட்சம், 2023இல் 1 கோடியே 36 லட்சம், 2024இல் 1 கோடியே 98 லட்சம். வருடத்தில் ஒரே ஒரு முறை மட்டையைத் தொட்டவரும் இதில் அடக்கம், எண்ணுகிறவர்களும் மட்டை விற்கிறவர்கள், அதனால் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் படிக்க வேண்டும். அப்படிப் படித்தாலும் காலை ஒன்பது மணிக்கு எங்கள் பூங்காவில் கார் நிறுத்த இடமில்லை என்பது என் கண்ணால் பார்ப்பது. வாஷிங்டன் மாநிலம் 2022இல் இதைத் தன் அதிகாரப்பூர்வ விளையாட்டாகவே அறிவித்துவிட்டது.

இதை விரும்பாதவர்களும் உண்டு, அவர்கள் சொல்வதில் நியாயமும் உண்டு. பெரிய குறை சத்தம். கெட்டியான மட்டையில் கெட்டியான பிளாஸ்டிக் பந்து படும் ‘டொக்’. டென்னிஸில் நாலு பேர் அடித்த இடத்தில் பதினாறு பேர், அதுவும் குறைந்த தூரத்தில் வேகவேகமாக அடிக்கிறார்கள். லாரி பின்னால் வரும்போது கத்துகிற பீப்பைப் போல, மனிதக் காதுக்குத் தப்பாமல் உறுத்தும் சுருதியில் விழுகிறது இந்த ஒலி. விளையாடுகிறவனுக்கு அது சங்கீதம். வேலிக்கு அந்தப் பக்கம் வீடு வைத்திருப்பவருக்குக் காலை ஏழு முதல் இருட்டும் வரை யாரோ ஆணி அடிப்பது மாதிரி. நாடு முழுக்க வழக்குகள் நடந்திருக்கின்றன. பல ஊர்களில் நேரக் கட்டுப்பாடு வந்தது, கோர்ட்டுகளை இடம் மாற்றினார்கள், வேலியில் ஒலி தடுக்கும் திரை கட்டினார்கள். சத்தம் குறைந்த மட்டை, பந்துகளுக்கென்று பிக்கிள்பால் சங்கம் 2023இல் தனி வகையே கொண்டுவந்தது. டென்னிஸ்காரர்களின் வருத்தமும் புரிகிறது. இத்தனை வருடம் அமைதியாக ஆடிய இடத்தில் குறுக்கும் நெடுக்குமாக வேறு நிறக் கோடுகள், பக்கத்தில் திருவிழாச் சத்தம்.

அடுத்தது காயம். இதை நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும். ‘சின்ன கோர்ட், வயதானவர்கள் ஆட்டம்’ என்று நினைத்துத்தான் நிறையப் பேர் கையை உடைத்துக்கொள்கிறார்கள். யூபிஎஸ் வங்கியின் ஆய்வாளர்கள் 2023இல் பிக்கிள்பால் காயங்களால் அமெரிக்காவில் ஆகும் மருத்துவச் செலவை 25 கோடி முதல் 50 கோடி டாலர் வரை மதிப்பிட்டார்கள். அடிக்கடி நடப்பது இது: எதிராளி பந்தைத் தலைக்கு மேல் தூக்கிப் போடுவார், நீங்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டே பின்னால் பின்னால் போவீர்கள், குதிகால் தடுக்கி மல்லாக்க விழுவீர்கள், ஊன்றிய கை மணிக்கட்டில் முறியும். எனக்கு மணிக்கட்டு தப்பியது, இடுப்பு மூன்று வாரம் பேசியது. அந்தப் பந்து வந்தால் விட்டுவிடுங்கள். அல்லது உடம்பைத் திருப்பிக்கொண்டு ஓடுங்கள். நடைப்பயிற்சி ஷூவோடு போகாதீர்கள், அது நேராக முன்னால் போகச் செய்தது, பக்கவாட்டில் திரும்பினால் கணுக்காலை மடக்கிவிடும். கோர்ட் ஷூ வாங்குங்கள். தரை ஈரமாக இருந்தால் அன்றைக்கு லீவு. உங்கள் விசிட்டர் இன்சூரன்ஸில் விளையாட்டுக் காயம் சேர்த்தியா என்று மகனிடம் பார்க்கச் சொல்லுங்கள். இங்கே எமர்ஜென்சி வார்டுக்குள் எட்டிப்பார்த்தாலே வரும் பில், மட்டை விலையைப் போல் பல மடங்கு.

இப்போது சென்னை. ஆட்டம் இந்தியாவுக்குப் புதிதல்ல. மும்பையைச் சேர்ந்த சுனில் வலவல்கர் கொண்டுவந்து, 2008இல் அகில இந்தியச் சங்கமும் தொடங்கினார். வெகுகாலம் சீந்துவாரில்லை. இந்த ஓரிரு வருடங்களில்தான் நிலைமை தலைகீழ். 2025இல் மத்திய விளையாட்டு அமைச்சகம் ஒரு தேசியச் சம்மேளனத்தை அங்கீகரித்தது, அதே ஆண்டில் நடந்த லீக் போட்டியில் சென்னை அணிக்கு நடிகை சமந்தா உரிமையாளராக இருந்தார். சென்னையில் காலி மனை, மொட்டை மாடி என்று கோர்ட் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

எனக்கு ஒரு மனக்குறை உண்டு. போன தடவை ஊருக்கு வந்தபோது ஆடப் போனேன். நல்ல தரை, நல்ல விளக்கு. ஆனால் மணிக்கு இவ்வளவு என்று செயலியில் பதிவு செய்து, நாலு நண்பர்கள் சேர்ந்து வந்து, ஆடிவிட்டு, நாலு பேராகவே கிளம்பிப் போகிறார்கள். தனியாக வந்த எனக்கு மட்டையை வைக்க வரிசையே இல்லை. பக்கத்துக் கோர்ட்டில் ஆள் குறைந்து மூன்று பேர் திணறிக்கொண்டிருந்தார்கள், போய்க் கேட்க எனக்கும் கூச்சம், கூப்பிட அவர்களுக்கும் கூச்சம். நில விலையைப் பார்த்தால் கோர்ட் போட்டவரைக் குறை சொல்ல முடியாது. சில இடங்களில் தலைக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு ஓபன் பிளே நடத்துகிறார்கள், விசாரித்து அந்த நேரத்துக்குப் போங்கள்.

அதைவிட, உங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் இறகுப்பந்து கோர்ட் இருக்கிறதா என்று பாருங்கள். நான் மேலே சொன்னேனே, இரட்டையர் கோர்ட்டின் வெளிக்கோடு அப்படியே பொருந்தும். வலைக்கு அருகிலுள்ள சர்வீஸ் கோடு ஆறரை அடியில் இருக்கும், அதற்கு அரை அடி பின்னால் இரண்டு பக்கமும் டேப் ஒட்டினால் கிச்சன் தயார். வலையைக் கம்பத்தருகில் 36 அங்குலத்துக்கும் நடுவில் 34க்கும் இறக்குங்கள். நாலு மட்டையும் ஆறு பந்தும் இங்கிருந்தே பெட்டியில் போட்டுக்கொண்டு போங்கள். காலை ஏழு மணிக்கு முன்னால் ஆரம்பிக்காதீர்கள், முதல் மாடிக்காரர் செயலாளரிடம் போய்விடுவார். கம்பி வேலி இருந்தால் மட்டைகளை அதிலேயே செருகலாம். சுவராக இருந்தால் நீளமாக ஒரு பெஞ்சைப் போட்டுவிடுங்கள், மட்டைகளை வரிசையாக வைக்க.